அடுத்தவன் முகவரி

"நாகப்பட்டினம் கம்பெனியோட இன்டர்நெட் முகவரியெல்லாம் எங்களதுன்னு நம்ம ரூட்டர் ஊர் முழுக்கத் தண்டோரா போட்டிருக்கு பாய். அவங்க நெட் மொத்தமும் படுத்துடுச்சு" என்று மேனேஜர் சம்பந்தம், அந்தக் காரைக்கால் இன்டர்நெட் கம்பெனியின் முதலாளி ரிஃபாயிடம் பொரிந்தார். "எல்லாம் இந்த நெரவிப் பொண்ணு ஒரு நம்பரைத் தப்பா அடிச்ச கூத்து. இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுங்க."

பக்கத்து நெரவியிலிருந்து வேலைக்கு வரும் பிரதீபா எதிரிலேயே நின்றிருந்தாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். அந்தக் குடும்பம் நம்பியிருப்பதும் அவள் சம்பளத்தைத்தான்.

"ஒரு நம்பரைத் தப்பா அடிச்சா மத்த ரூட்டரெல்லாம் அப்படியே நம்பிடுமாம்மா?" என்றார் ரிஃபாய்.

"நம்பிடும் பாய். சரிபார்க்க ஒரு பாதுகாப்பு இருக்கு. போடலாமான்னு கேட்டேன். 'காரைக்கால்ல யாரும்மா திருடப் போறா'ன்னு சார் சிரிச்சாரு."

"பேச்சை மாத்தாத! அடிச்சது நீதானே?" என்று சீறினார் சம்பந்தம்.

"நான் எப்படி சார் அடிப்பேன்? பொம்பளப்புள்ள கை பட்டா ரூட்டருக்கு ஆபத்துன்னு போன வாரமே என் பாஸ்வேர்டைப் பிடுங்கிட்டீங்களே. இப்ப அதுக்குள்ள போக இந்த ஆபீஸ்ல உங்களுக்கு மட்டும்தானே அனுமதி?"

ரிஃபாய் மெதுவாக மேனேஜர் பக்கம் திரும்பினார். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நீங்க போட்ட ஒரே பாதுகாப்பு அதுதான் சார்" என்றாள் பிரதீபா பணிவாக. "என் வேலையைக் காப்பாத்திடுச்சு."