வைஃபை லைட்டு

“ஜெபா, ரவுட்டர்ல வைஃபை லைட்டு மறுபடியும் அணைஞ்சிடுச்சுடா!”

போனில், சிங்கப்பெருமாள் கோயில் ஊர் வீட்டிலிருந்து அம்மா சந்திரம்மாவின் பதற்றமான குரல். சிறுசேரி ஆபீஸில் இருந்த ஜெபசிங் வேலையை அப்படியே நிறுத்தினான்.

“பதறாதம்மா. கேபிள் மாட்டின கம்ப்யூட்டர்ல, ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கற நம்பரை அடி. அட்மின்னு போட்டு, பாஸ்வேர்டு போடு. வயர்லெஸ்னு ஒண்ணு கீதா? பக்கத்துக் கட்டத்துல டிக் போட்டு சேவ் குடு.”

“எரியுதுடா!” என்றவள் அதோடு விடவில்லை. காலையில் வாங்கிய சங்கரா மீன், எதிர் வீட்டுக் கல்யாணம் என்று அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் போனை வைத்தாள்.

“தெனமும் மதியானம் இதே கூத்து. அவங்களுக்குப் புது ரவுட்டர் வாங்கிக் குடேன்” என்றாள் பக்கத்து சீட் ஷபானா.

“அது அப்பா கடைசியா வாங்கி மாட்டினது. மாத்த வுட மாட்டாங்க.”

மறுநாள் மதியம் ஜெபசிங் ஆபீஸிலிருந்தே வீட்டு ரவுட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்தான். வயர்லெஸ் கட்டத்தில் இருந்த டிக்கை எடுக்கப் போனான்.

“அடப்பாவி! நீதான் தெனமும் அணைக்கிறியா?” ஷபானா அதிர்ந்து போனாள்.

“அப்பா தவறினதுலருந்து, நான் போன் பண்ணா ‘ம்’னு சொல்லிட்டு வெச்சிடறாங்க. இந்த லைட்டு போனாதான் வாயைத் தொறக்கறாங்க.”

அவன் க்ளிக் செய்வதற்குள் போன் அடித்தது. அம்மா.

“இன்னாடா, இன்னிக்கி இன்னும் அணைக்கல? பேசறதுக்கு நெறய கீது.”