குறுக்கே படுத்த முத்திரை

பழைய நாடகப் பாட்டுப் புத்தகம் ஒன்றில் ஒரு ராமபாணப் பூச்சி குடியிருந்தது. அந்தப் பாட்டுகளுக்கு மிஞ்சியிருந்த ஒரே பிரதி அந்தப் புத்தகம்தான். பூச்சியை விரட்ட அலமாரியில் போட்டுவைத்த அந்துருண்டைக்கு அதைக் கண்டாலே ஆகாது.

“பாட்டைத் தின்னு வயிறு வளர்க்கிறியே, நீ உருப்படுவியா?” என்று தினமும் திட்டும். பூச்சி பதில் பேசாது. தின்றது உண்மைதானே.

ஒருநாள் புத்தகத்தை எடுத்துப்போய் ஸ்கேன் செய்தார்கள். பூச்சி மேஜை விளிம்பில் ஒதுங்கி நின்று, கம்ப்யூட்டர் திரையில் பக்கங்கள் வருவதைப் பார்த்தது. தான் போட்ட ஓட்டைகளும் தெரிந்தன. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் இனி எந்த ஊரில் இருப்பவரும் இந்தப் பாட்டுகளைப் பாடலாம் என்று நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது.

அப்போது திரையில் ஒரு முத்திரை வந்தது. ஸ்கேன் செய்தவர்களின் பெயரைத் தடித்த எழுத்தில் சுமந்துகொண்டு, பக்கத்தின் குறுக்கே காலை நீட்டிப் படுத்தது.

“ஐயா, அடியில இருக்கிற பாட்டு தெரியலையே” என்றது பூச்சி.

“எவனும் களவாடிடக் கூடாது பாரு, அதுக்குத்தான்.”

“படிக்கவும் முடியலையே.”

“எங்க பேரைப் படிக்க முடியுதா?”

“அது நல்லாத் தெரியுதுங்க.”

“அப்புறம் என்ன?” என்று சொல்லிவிட்டு முத்திரை அடுத்த பக்கத்தில் போய்ப் படுத்தது.

பூச்சி புத்தகத்தோடு அலமாரிக்குத் திரும்பியது. அந்துருண்டை வழக்கம்போல ஆரம்பித்தது. பூச்சி முதல்முறையாக அதற்குப் பதில் சொன்னது.

“உங்களை இங்க வெச்சது தப்பு அண்ணே. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள வெச்சிருக்கணும்.”