நனைந்த நீளம்

விருத்தாசலத்துப் பீங்கான் சூளை ஒன்றில் எலி பிடிக்க வளர்த்த பூனையின் கண்ணீரை, கால்நடை டாக்டர் அமிர்தம் தினமும் மூன்று வேளை அளந்தாள். அது 1973. கண்ணோரத்தில் ஒற்றுத்தாள் துண்டைச் செருகி, ஒரு நிமிடம் கழித்து, நனைந்த நீளத்தை நோட்டில் எழுதுவாள். பெரும்பாலும் காலையில் பன்னிரண்டு மில்லிமீட்டர், மதியம் பதினாறு, மாலையில் பதினான்கு. நோயில்லாத பூனைக்கும் கண்ணீர் வேளைக்கு வேளை மாறும் என்பதை முப்பது நாள் அளந்து காட்டியே தீருவது என்று இருந்தாள்.

இருபதாம் நாள் காலை, அளப்பதற்கு முன்பே, பூனை சூளைக்குள், அடுக்கிய பொம்மைகளுக்கு நடுவே தூங்கிவிட்டது. அதைப் பார்க்காமல் சூளைக்காரர் சாமிக்கண்ணு வாசலைச் செங்கல் வைத்துப் பூசி, நெருப்பு போட்டார். சூளை இரண்டு நாள் எரிந்தது.

சூளையை அடைத்த நான்காம் நாள் காலை செங்கல்லைப் பிரித்ததும், பூனை சோம்பல் முறித்தபடி வெளியே வந்தது.

"வாணாங்க டாக்டரம்மா, தொடாதீங்க," என்றார் சாமிக்கண்ணு.

"இன்னும் பதினோரு நாள் பாக்கி இருக்குதுங்க. கெட்டியா புடிங்க."

ஒரு நிமிடம் கழித்துத் தாளை எடுத்தாள். அது நனையவில்லை. நுனியிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் கருகியிருந்தது.

மதியம் பதினாறு. மாலையில் பதினான்கு.

நோட்டில் 'நனைந்த நீளம்' என்றிருந்த தலைப்பில் முதல் சொல்லை அடித்துவிட்டு, 'கருகிய' என்று எழுதினாள் அமிர்தம்.