இந்த வருடமும் கேக்

மாவை அடிக்கத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. அவள் நிறுத்தினாள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

வாசலில் மெர்சலின் அக்கா. கையில் தட்டு. தட்டை வெள்ளைத் துணி மூடியிருந்தது.

துணிக்கு அடியில் என்ன என்று கேட்க வேண்டியதில்லை. கேக்தான். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் செய்ய மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். கடற்கரைத் தெருவின் வழக்கம் அது. நல்ல வழக்கம்தான். போன வருடம் இதே போல் ஒரு தட்டை அவளே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"நீ ஒண்ணும் செய்யாண்டாம் மக்களே. நாங்க இருக்கோம்லா."

அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

இங்கே யார் செத்தது?

வாய்விட்டுக் கேட்கவில்லை. மாவு அப்பிய கையைக் காட்டினாள்.

மெர்சலின் அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். உள்ளே எட்டி, அடுப்படியில் இருந்த சட்டியைப் பார்த்தாள். பிறகு தட்டோடு திரும்பிப் போனாள்.

ஆடிக் கடலில் படகு கவிழ்ந்தது. ஒருவன் பிழைத்தான். மற்றவர்களின் உடல்கள் கரைக்கு வந்தன. அவள் புருஷன் வரவில்லை. கிடைக்காதவனை எப்படிச் செத்தவன் என்று சொல்வது? இறந்தவர்களுக்கான பூசையில் சேர்க்கச் சாமியார் அவன் பெயரைக் கேட்டார். அவள் கொடுக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று தெருவே மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. அவள் வீட்டில் உட்கார்ந்து துணி துவைத்தாள்.

இப்போது கேக் செய்யாவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

மறுபடியும் அடித்தாள்.

மாவு அடிப்பது இந்தத் தெருவில் ஆண்களின் வேலை. வலை இழுக்கிற கைக்கு வெண்ணெயும் சீனியும் எம்மாத்திரம். கால்களுக்கு இடையில் சட்டியை இடுக்கிக்கொண்டு, வாசல்படிகளில் வரிசையாக உட்கார்ந்து அடிப்பார்கள். யார் சட்டி முதலில் வெளுக்கிறது என்று பந்தயம் வேறு. அவள் புருஷன் எல்லா வருடமும் தோற்பான். அடிக்கிறதை விட்டுவிட்டு விரலை விட்டு நக்கிக்கொண்டே இருந்தால் வேறென்ன நடக்கும்?

அவள் வாசலில் உட்காரவில்லை. அடுப்படிக்குள்ளேயே அடித்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

கழலட்டும்.

மாமியார் மூலையில் ஜெபமாலையோடு இருந்தாள். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து வந்தாள். முந்திரிப்பருப்பை உடைத்து மாவில் போட்டாள். மறுபடி மூலைக்கே போய்விட்டாள்.

பெற்றவள் அல்லவா.

அவள் குக்கரின் ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். விசிலை எடுத்தாள். அடியில் மணல் பரப்பினாள். பழைய மணல். புது மணல் அள்ளக் கடற்கரைக்குப் போக வேண்டும். அவள் அந்தப் பக்கம் போவதில்லை.

மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடினாள். காத்திருந்தாள்.

வாசனை வந்தது. முதலில் ஏலக்காய். பிறகு வெண்ணெய். கடைசியில் எல்லாம் சேர்ந்து, கிறிஸ்துமஸ் வாசனை.

அவள் ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். தெருவுக்குத் தெரியட்டும். பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் குளித்தாள். நல்ல சேலை கட்டினாள். கேக்கைத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

வாங்கிக்கொண்டார்கள். "எதுக்கு மக்களே?" என்று இழுத்தவர்களும் வாங்கத்தான் செய்தார்கள். மெர்சலின் அக்கா அவள் கண்ணெதிரிலேயே ஒரு துண்டை வாயில் போட்டாள். நன்றாகப் பொங்கி வந்திருக்கிறது என்றாள். ஒவ்வொரு வீடாக அவளுக்குத் தைரியம் கூடியது. ஒரு வீட்டில் சிரிக்கக்கூடச் செய்தாள்.

கடைசி வீடு கிளீட்டஸ் அண்ணனுடையது.

அதே படகில் போனவன். உயிரோடு திரும்பியவன் அவன் ஒருவன்தான். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை, அலை ஆளுக்கொரு பக்கமாக அடித்துக்கொண்டு போய்விட்டது என்று போலீஸிடம் சொன்னான். சாமியாரிடம் சொன்னான். அவளிடமும் அதையேதான் சொன்னான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளும் நிற்கிறாள்.

அவன் ஸ்டூலில் ஏறி நட்சத்திர விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் இறங்கினான்.

"எங்க வீட்டுக் கேக்கு, அண்ணே."

தட்டை நீட்டினாள்.

அவன் கேக்கைப் பார்த்தான். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான். துடைத்த கையை நீட்டவும் செய்தான். கை பாதியில் நின்றது.

அவள் பொறுத்தாள். வெட்கப்படுகிறான் என்று நினைத்தாள். தான் மட்டும் பிழைத்து வந்த வெட்கம்.

தின்ன வேண்டாம். கையில் வாங்கினால் போதும்.

அவன் வாய் கோணியது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்ன கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையில் வைத்தான்.

"ஒண்ணே ஒண்ணு எடுங்க அண்ணே," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.