முட்டை வரி

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் மீசையை இப்போதே மழித்துவிடுங்கள்.

ஒரு காட்டில் புள்ளிக்கோழி ஒன்று, தான் இடும் முட்டையை எல்லாம் ஆஸ்பத்திரி வரி என்று கஜானா நரியிடம் கட்டி வந்தது. இட்டு இட்டு ஒருநாள் மயங்கியே விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நாரை டாக்டர் இறக்கையைப் பிடித்துப் பார்த்து, "சத்து இல்ல தாயி. தினம் ஒரு முட்டை சாப்பிடு" என்றது.

"கட்டின முட்டையெல்லாம் எங்கே போச்சு?" என்று நரியைக் கேட்டது கோழி.

"பட்ஜெட்டில் தீர்ந்துபோச்சு" என்றது நரி, வாயைத் துடைத்துக்கொண்டே. "பக்கத்துக் காட்டில் கடனா வாங்கித் தர்றேன். கடனை நாளைக்கு உன் குஞ்சுங்க அடைச்சிடும்."

வரிக்குக் கொடுக்காமல், சாப்பிடவும் மனம் வராமல், கோழி தன் இறக்கைக்கடியில் ஒரே ஒரு முட்டையை ஒளித்து வைத்திருந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, அப்படின்னா நான் வெளியே வரல. இங்கேயே இருந்துக்கறேன்."

நரி குனிந்து முட்டையைத் தட்டிப் பார்த்தது.

"தாராளமா இரு தம்பி. சொந்த வீடு பாரு, வீட்டு வரி மட்டும் கட்டிடு."

யார் சொன்னது என்று நரி விசாரித்தால், என்னை நீங்கள் பார்த்ததே இல்லை. எனக்கும் ஒரு வீடு இருக்கிறது.