ஐம்பதில் ஒருவர்

“இதுகளுக்குப் பள்ளிக்கூடம் ஒண்ணுதான் கேடாங்கய்யா? நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு எழுத்து வாசனையே கிடையாது! படிப்பு எங்க ஏறப்போகுது?”

கணக்கப்பிள்ளை கந்தப்பன் சொன்ன இதையேதான் ராகலையில் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் துரையும் கொழும்பில் கல்வி இலாகாவுக்கு எழுதியிருந்தார். அது மெய்தானா என்று பார்க்க அதிகாரி விஜேரத்ன வந்திருந்தார். பெயர்ப் பதிவில் பத்துப் பேருக்கு ஒருவராக, ஐம்பது பேரை அவரே பொறுக்கினார். அதில் பத்துப் பேர் வாசித்துவிட்டால் துரை சொன்னது பொய், பள்ளிக்கூடம் நிச்சயம்.

அதிகாரிக்குத் தமிழ் பேச வரும், எழுத்துத் தெரியாது. வாசிக்க வேண்டிய வரியைக் கந்தப்பனே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த உபகாரத்துக்கு ஒரு சிரிப்பு வேறு.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசை நகர்ந்தது. முதல் ஆள் பழனியாண்டி. தாளைப் பார்த்தார், கந்தப்பனைப் பார்த்தார்.

“தெரியாதுங்கய்யா.”

“காமன் கூத்துல மட்டும் வாய் காது வரைக்கும் போகுது!” என்றார் கந்தப்பன்.

அடுத்து காளியாயி. “கண்ணு மங்கலுங்க.”

“கொழுந்து மட்டும் தெரியுதாக்கும்?”

ஐம்பதாவது ஆள் வேலாயி. எட்டு வயது மகளைப் படிக்கவைக்க ஒரு பள்ளிக்கூடம் கேட்டு, இரண்டு வருடமாக ஆபீஸ் வாசலில் கெஞ்சியவள். தாளைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது.

“தெ... தெரியாதுங்க.”

“பாத்தீங்களா? அம்பதுக்கு ஒண்ணு தேறல. நான் சொன்னப்பவே நம்பியிருக்கலாம்.”

அதிகாரி பேனாவை மூடவில்லை. “தொண்ணூறு பேருக்குத் தெரியாதுன்னா, பத்துப் பேருக்குத் தெரியணும். அம்பதுக்கு அஞ்சு பேர். நாலு வரலாம், ரெண்டு வரலாம். ஒருத்தருமே இல்லையா? கணக்கு உதைக்குதே!”

“மாட்டுக் கூட்டத்துல நாலென்ன, ரெண்டென்னங்கய்யா?”

வேலாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திருப்பிக் கொடுத்த தாளை வெடுக்கென்று பிடுங்கினாள். மகளை நினைத்துக்கொண்டாள். களம் முழுக்கக் கேட்க, ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தாள்:

“இதை வாசிக்கும் ஆளுக்கு நாளை முதல் தோட்டத்தில் வேலை கிடையாது.”