வளர்வது எதுவானாலும்

மின்வாரியத்துக்காக மரம் வெட்டும் அருளப்பன் ரம்பத்தோடு மாடிக்கு ஏறி வந்து திகைத்து நின்றான். அங்கே ஒரு செடிகூட இல்லை. வேலுத்தாயும் அவள் மகள் யாழினியும்தான் நின்றார்கள்.

"மரம் எங்கக்கா?"

"எந்த மரம் தம்பி? காலையிலேருந்து தெருவுக்கே கரண்டு இல்ல. எங்க வீட்டாலதான்னு எல்லாரும் ஏசுறாக."

மரக்கிளை கம்பியில் உரசி மலையில் தீப்பிடித்த வருடத்திலிருந்து, தன்னை நோக்கி வளரும் எதையும் மின்கம்பியே கண்டுபிடித்து மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. அருளப்பன் கம்பி எடுத்த படங்களைக் கைப்பேசியில் காட்டினான். இதே மாடியில் ஆண்டுக்காண்டு உயர்ந்துகொண்டே வரும் ஒரு நிழல். அதன் உச்சியில் பூ.

வேலுத்தாய் மகளின் தலையிலிருந்த கனகாம்பரத்தைப் பார்த்தாள். "இது எம்மகப்பா."

அவன் படத்தையும் பெண்ணையும் மாறிமாறிப் பார்த்தான். "கம்பிக்கு அது தெரியலையேக்கா. ஒண்ணு வெட்டணும், இல்லாட்டி வளர்றது நின்னுருச்சுன்னு நான் சொல்லணும். அப்பத்தான் கரண்டு வரும்." தலையைச் சொறிந்தான். "பாப்பா இன்னும் வளருமா?"

யாழினிக்குப் பன்னிரண்டு வயது. அவள் அப்பா எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார்.

"இல்லப்பா, அம்புட்டுத்தான்" என்றாள் வேலுத்தாய்.

யாழினி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, நின்றபடியே பாவாடைக்குள் முழங்காலை மெல்ல மடக்கிக்கொண்டாள்.